சாப்பிட்ட பிறகு

தப்பா நினைச்சுக்காதீங்க சார். பக்கத்து சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு காதை மூடிக்கவா முடியும்? இப்ப போன்ல சொன்னீங்களே, "பெரியப்பாவுக்கு ஸ்ட்ரோக், ஐ.சி.யூ.ல வெச்சிருக்காங்க, உடனே கிளம்பு"ன்னு, அது யாருக்கு? தம்பிக்கா? எங்க இருக்காரு? ஓசூர்லயா. அங்கிருந்து மதுரைக்கு வரணும். சரி. தம்பி சாப்பிட்டாரான்னு கேட்டீங்களா?

கேக்கலை. நானும் கவனிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். எடுத்த எடுப்புலயே ஸ்ட்ரோக்குன்னுட்டீங்க.

உங்களைக் குத்தம் சொல்லலை சார். நீங்க இருக்கற பதட்டத்துல அப்படித்தான் வரும். ஆனா வெறும் வயித்துல இருக்கற மனுஷன்கிட்ட கெட்ட சேதி சொல்லக்கூடாது. தாங்க மாட்டான். அவன் ஒரு வாய் சாப்பிட்டிருக்கானான்னு முதல்ல கேக்கணும். சாப்பிட்டிருந்தா மெதுவா ஆரம்பிக்கலாம். இல்லேன்னா வேற ஏதாவது பேசிட்டு வெச்சுடணும், அப்புறம் கூப்பிடணும். நம்ம ஊர்ல இதெல்லாம் சொல்லிக் கொடுத்தா தெரியணும்?

எனக்கு அதுதான் சார் வேலை. வேலையா இருந்தது.

கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம். பேர் வேண்டாம், இன்னும் அங்கதான் சம்பளம் வாங்கறேன். பிள்ளைங்க எல்லாம் வெளியூர்லயும் வெளிநாட்டுலயும் இருக்கறவங்க. அங்க ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தா, பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா, சாப்பாட்டை வேண்டாம்னு தள்ளினா, ஆஸ்பத்திரிக்கு மாத்தினா, அன்னைக்கே வீட்டுக்குச் சொல்லிடணும். அது அங்க விதி. நர்ஸ் ஜெபமணி சிஸ்டர் வந்து, "அண்ணே, மாடி ரூம் தாத்தாவுக்குச் சளி கட்டியிருக்கு, வீட்டுக்குச் சொல்லிடுங்க"ம்பாங்க. நான் சொல்லுவேன்.

என்னைச் சேர்த்தது ஸ்டோர் பார்க்கத்தான். ஒருநாள் ஒரு அம்மா தவறிட்டாங்க. மேனேஜர் பிரபாகர் அவங்க பையனுக்குப் போனைப் போட்டாரு. அமெரிக்கா. அந்தப் பக்கம் பையன் "ஹலோ, ஹலோ"ங்கறான், இவருக்கு வாயே வரலை. அப்படியே போனை என் கையில திணிச்சுட்டு வெளியே போயிட்டாரு. எம்.பி.ஏ. படிச்சவரு சார். நான் பேசினேன். முதல்ல சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். இப்பதான் சாப்பிட்டேன் சார்னான். அதுக்கப்புறம் சொன்னேன். பேசி முடிச்சதும் அந்தப் பையன் எனக்குத் தேங்க்ஸ் சொன்னான். அம்மா செத்த சேதியைச் சொன்னவனுக்குத் தேங்க்ஸ். அன்னையிலிருந்து போன் என்கிட்ட வந்துருச்சு.

இருங்க சார், எனக்குத்தான் அடிக்குது.

ஆமாடா சேது. ஏறிட்டேன், ஏறிட்டேன். சிங்காநல்லூர்லயே உட்கார இடம் கிடைச்சுது. பல்லடம் தாண்டியாச்சு. இன்னும் இல்லடா. வண்டியை எங்கயாவது நிறுத்துவான்ல, அப்பச் சாப்பிட்டுக்கறேன். அக்கா எந்திரிச்சாச்சா? சரி, தூங்கட்டும், தூங்கட்டும். எழுப்பாதே.

என் அக்கா பையன் சார். திண்டுக்கல்ல பாத்திரக்கடை வெச்சிருக்கான். அங்கதான் போறேன். நேத்து கூப்பிட்டு, "சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க மாமா, பார்த்து ரொம்ப நாளாச்சு"ன்னான். பாருங்க, இந்தக் காலத்துல எவன் சார் மாமனை வா வான்னு கூப்பிடறான்? கூப்பிட்டதும் இல்லாம, சாப்பிட்டீங்களான்னு வேற கேக்கறான். அக்கா வளர்ப்பு அப்படி. ராஜாமணின்னு பேரு. எங்கப்பா செத்தப்ப எனக்கு விவரம் தெரியாத வயசு. தூக்கி வளர்த்தது அவதான். இப்பவும் ஞாயித்துக்கிழமை ஆனா போன் பண்ணிடுவா. "சிவா, தலைக்கு எண்ணெய் வெச்சியா?"ம்பா. எண்ணெய் வைக்கத் தலையில என்ன இருக்குன்னு கேட்டா, "மண்டை இருக்குல்ல, அதுல வை"ம்பா. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட இந்த உலகத்துல இப்ப அவ ஒருத்திதான் பாக்கி.

போன ஞாயித்துக்கிழமை அவ பேசலை. சேதுதான் எடுத்தான். தூங்கறாங்க மாமான்னான். பாவம், பேரன் பேத்திங்க பின்னாடி ஓடி அலுத்துப் போயிருப்பா.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், போன்.

எப்படிச் சொல்லணும்னு ஒரு வரிசை வெச்சிருந்தேன் சார். எடுத்ததும் பெரிய வார்த்தை பேசக்கூடாது. முதல் நாள், "சாப்பாடு கொஞ்சம் குறைச்சிருக்காங்க"ன்னு சொல்லுவேன். அவ்வளவுதான். அவங்க மனசுல ஒரு ஓரத்துல அது கிடக்கும். அடுத்த நாள், "உங்க பேச்சாவே இருக்காங்க"ம்பேன். அப்புறமும் தேறலைன்னா, "முடிஞ்சா சும்மா ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்களேன்"ம்பேன். இந்த மூணாவதைக் கேட்டா யாரும் வேலை இருக்குன்னு சொல்ல மாட்டாங்க. டிக்கெட் போட்டுடுவாங்க. மூணு படி இறக்கி விடறோம் இல்லையா, கால் உடையாது. ஒரே தள்ளா தள்ளினா?

ஆனா எதைச் சொல்றதுக்கும் முன்னாடி, சாப்பிட்டீங்களா. அது கட்டாயம். பாதிப் பேருக்கு அது புரியாது. "என்ன சார், எங்கப்பா எப்படி இருக்காருன்னு கேட்டா நான் சாப்பிட்டேனான்னு கேக்கறீங்க?"ன்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும். வயித்துல ஏதாவது இருந்தாத்தானே சிரிக்கவும் முடியும்.

எனக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேக்கறீங்களா? என் மச்சான். என் சம்சாரம் கனகா ஆஸ்பத்திரியில இருந்தப்போ. வெளியே சொன்னா சொந்தப் பெருமை மாதிரி இருக்கும், ஆனா அன்னைக்கு எனக்கு நடந்தது சரியா நடந்தது சார். கனகாவை மாடியில வெச்சிருந்தாங்க. மச்சான் மேலேயிருந்து இறங்கி வந்தாரு. "வாங்க மாப்பிள்ளை, கேன்டீன்ல ஒரு தோசை சாப்பிட்டுட்டுப் போகலாம்"னாரு. எனக்குப் பசியே இல்லை. இழுத்துக்கிட்டுப் போயி உட்கார வெச்சாரு. ஒரு தோசை சாப்பிட்டேன். எந்திரிக்கப் போனேன், "இன்னொண்ணு சாப்பிடுங்க"ன்னு அதையும் சொல்லிட்டாரு. முறுகலா வர நேரமாச்சு. அதையும் சாப்பிட்டேன். காபி குடிச்சேன். அப்புறம்தான் தோள் மேல கையைப் போட்டு, "மாப்பிள்ளை, மனசைத் தேத்திக்குங்க"ன்னாரு. மேலே போனேன். எல்லாம் முடிஞ்சிருந்தது. கை மட்டும் இன்னும் சூடாத்தான் இருந்தது.

அந்த ரெண்டு தோசைதான் சார் என்னைச் சுடுகாடு வரைக்கும் நடக்க வெச்சுது. இல்லேன்னா வழியிலேயே விழுந்திருப்பேன். எனக்குச் சொன்னவரு ஒழுங்கா சொன்னாரு. நானும் அதே மாதிரிதான் எல்லாருக்கும் சொன்னேன். இதுல என்ன சார் தப்பு?

ஆனா இப்ப போன் என்கிட்ட இல்லை. பிடுங்கிட்டாங்க. ஒரு சின்னப் பொண்ணை உட்கார வெச்சு, வாட்ஸ்அப்ல மெசேஜ் அனுப்பறாங்க. காய்ச்சல் இவ்வளவு, பிரஷர் இவ்வளவு, டாக்டர் பார்த்தார், நேரம், தேதி. நான் திரும்பவும் ஸ்டோர்ல பெட்ஷீட் எண்ணிக்கிட்டு இருக்கேன். எதுக்குத் தெரியுமா? வள்ளிநாயகி அம்மா விஷயத்துக்காக.

வள்ளிநாயகி அம்மா அம்பாசமுத்திரத்துக்காரங்க. அந்தக் காலத்துல டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தவங்க. வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்கற வேலை. நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான். ஆனா வாய்க்கு ஒரு குறையும் இல்லை. என் மேஜைக்குப் பக்கத்துல நாற்காலியைத் தள்ளிக்கிட்டு வந்து நிறுத்திடுவாங்க. நான் பேசறதைக் கேக்கறதுதான் அவங்களுக்குப் பொழுதுபோக்கு.

ஒருநாள் நான் போனை வெச்சதும், "ஏன்வே சிவானந்தம், அந்த ஆளு அப்பனுக்கு இடுப்பு ஒடிஞ்சு கிடக்கு. நீரு அவன்கிட்ட தக்காளி விலை பேசிட்டு இருக்கீரே?"ன்னாங்க.

"அவரு இன்னும் சாப்பிடலை அம்மா"ன்னேன்.

"எங்க எக்ஸ்சேஞ்சுலன்னா உம்ம லைனைக் கட் பண்ணியிருப்பேன். மூணு நிமிஷம்தான் காலு. ஜனங்க எடுத்ததும் 'அப்பா போயிட்டாரு, புறப்பட்டு வா'ன்னு சொல்லிட்டு வெச்சிருவாங்க. சாப்பிட்டியா தூங்குனியான்னு கேக்க யாருக்குத் துட்டு இருந்துது?"

"அதான் அந்தக் காலத்துல அத்தனை பேரு மயங்கி விழுந்தாங்க"ன்னேன்.

"விழுந்தாங்க. எந்திரிச்சு பஸ்ஸைப் பிடிச்சு வந்தும் சேர்ந்தாங்க"ன்னாங்க. எதுக்கும் பதில் வெச்சிருப்பாங்க சார். அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "எனக்கு ஒண்ணுன்னா எங்க கோமதிக்கு நேரா சொல்லிரும். கதை அளக்காதேயும்"னு சொன்னாங்க. நான் அதை வேடிக்கையா எடுத்துக்கிட்டேன். வேடிக்கையாத்தான் சொன்னாங்க.

கோமதிங்கறது அவங்க ஒரே பொண்ணு. ஆவடியில வீடு. ஸ்கூல்ல வேலை. மாசத்துக்கு ஒரு தடவை வந்து அம்மாவுக்குத் தலை அலசி விட்டுட்டு, நகம் வெட்டி விட்டுட்டுப் போவாங்க. அம்மாவை வீட்டோட வெச்சுக்க முடியலையேன்னு ஒரு வருத்தம் அந்தப் பொண்ணுக்கு எப்பவும் உண்டு. லிஃப்ட் இல்லாத மாடி வீடு, பகல்ல ஆள் கிடையாது, என்ன பண்ணுவாங்க?

போன ஐப்பசியில வள்ளிநாயகி அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துது. சளி நெஞ்சுல இறங்கிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. கஞ்சியைக் கொடுத்தா வாயை இறுக்க மூடிக்கிட்டாங்க. ஜெபமணி சிஸ்டர் வந்து, "அண்ணே, பொண்ணுக்கு உடனே சொல்லிடுங்க. இந்தத் தடவை எனக்கு நல்லாப் படலை"ன்னாங்க.

நான் அப்பவே போன் போட்டேன் சார். அன்னைக்கே. யாரு கேட்டாலும் சொல்லுவேன், அன்னைக்கே போட்டேன். "என்னம்மா கோமதி, சாப்பிட்டாச்சா?"ன்னேன்.

"இல்ல சார், சஷ்டி விரதம் ஆரம்பிச்சிருக்கேன். ஆறு நாளும் பாலும் பழமும்தான்"னாங்க.

மேஜை காலண்டரைத் திருப்பி, சம்ஹாரம் என்னைக்குன்னு பார்த்தேன்.

"அம்மாவுக்காகத்தான் சார் இந்த வருஷம் இருக்கேன். அம்மா எப்படி இருக்காங்க?"ன்னாங்க.

நீங்களே சொல்லுங்க சார். முருகனுக்கு விரதம் இருக்கு அந்தப் பொண்ணு. வயித்துல ஒரு டம்ளர் பால். அதுவும் யாருக்காக? அம்மாவுக்காக. அந்தப் பொண்ணுகிட்ட நான் எப்படிச் சொல்ல? அப்படியே கீழே சரிஞ்சுதுன்னா அங்க தாங்கிப் பிடிக்க யாரு? புருஷன் ஷிப்ட் வேலை. "அம்மா நல்லா இருக்காங்கம்மா, சும்மாதான் கூப்பிட்டேன்"னு வெச்சுட்டேன்.

சிஸ்டர் கேட்டாங்க, சொல்லிட்டீங்களான்னு. பேசிட்டேன்னேன். பேசினேனா இல்லையா?

மறுபடியும் போன். இவன் விட மாட்டான் போல.

சொல்லுடா சேது. தாராபுரம் வரப்போகுது. இல்லடா, இன்னும் நிறுத்தலை. டேய், பையில பிஸ்கட் இருக்குடா, நான் என்ன சின்னப் பிள்ளையா? திண்டுக்கல் ஸ்டாண்டுக்கு நீயா வர்றே? கடையை யாரு பார்ப்பா? அடைச்சிருக்கியா? முகூர்த்த நாள் அதுவுமா எதுக்குடா அடைச்சே? சரி சரி, நேர்ல பேசிக்கலாம்.

பார்த்தீங்களா. பாத்திரக்கடைக்கு முகூர்த்த நாள்தான் வியாபாரமே. மாமன் வர்றான்னு கடையை அடைச்சுட்டு நிக்கறான். ஸ்டாண்டுல இருந்து எனக்கு வழி தெரியாதா?

உங்க தம்பி என்ன சொல்றாரு? மெசேஜ் பார்த்தீங்களே. கிருஷ்ணகிரி தாண்டிட்டாரா? அதுக்குள்ளயா? பரவாயில்லையே. சாப்பிடாமத்தான் ஓடி வந்திருப்பாரு, பாவம்.

விரதம் நடுவுல இன்னொரு தடவை கூப்பிட்டேன் சார். நான் சும்மா இருந்துடலை. அன்னைக்கு டாக்டர் வெளிப்படையாவே சொல்லிட்டாரு, வயசாயிடுச்சு, ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்க வேண்டாம், பார்க்கறவங்க வந்து பார்த்துடட்டும்னு. கூப்பிட்டேன். கோமதி கோயில் வரிசையில நிக்கறாங்க. பின்னாடி ஒரே மணிச்சத்தம். குரல் நூல் மாதிரி இருக்கு. "சாப்பிட்டீங்களாம்மா?"ன்னேன். "விரதம்னு சொன்னேனே சார்"னாங்க. "அம்மாகிட்ட கொஞ்சம் கொடுங்களேன்"னாங்க. "தூங்கறாங்கம்மா"ன்னேன். தூங்கிட்டுத்தான் இருந்தாங்க. பொய் இல்லை. "சரி, எழுப்பாதீங்க சார், தூங்கட்டும்"னாங்க.

என் கணக்கு என்னன்னா, சூரசம்ஹாரம் முடிஞ்சதும் அந்தப் பொண்ணு குளிச்சுட்டு விரதம் விடும். ஒரு வாய் சாப்பிடும். சாப்பிட்டதும் சொல்லிடலாம். ராத்திரி பஸ் ஏறினா காலையில வந்துடலாம். அதுவரைக்கும் அம்மா தாங்குவாங்கன்னுதான் நினைச்சேன்.

அந்த அம்மா விவரமாத்தான் இருந்தாங்க சார். முழிப்பு வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிடச் சொல்லுவாங்க. நான் போய் நிப்பேன். "கோமதிக்கு லைன் போட்டீரா?"ம்பாங்க.

"போட்டேன் அம்மா."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"என்ன சொன்னா?"

"வந்துக்கிட்டே இருக்காங்க"ன்னேன். அது கேட்டதும் முகத்துல ஒரு தெளிவு வரும் பாருங்க. நாற்காலியில உட்கார வைக்கச் சொன்னாங்க. தலையை வாரிவிடச் சொன்னாங்க. கட்டிலைக் கதவு பக்கமாத் திருப்பிப் போடச் சொல்லி, கதவையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு நாளும் அப்படித்தான். கஷ்டப்படலை சார், பொண்ணு வர்றாங்கற சந்தோஷத்துலயே இருந்தாங்க. அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தது யாரு? அதை ஒருத்தரும் பேசறதில்லை.

சம்ஹாரத்தன்னைக்கு மதியம் போயிட்டாங்க. கண்ணு கதவைப் பார்த்தபடியேதான் இருந்துது. சிஸ்டர்தான் மூடினாங்க.

நான் இருட்டற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேன். மேனேஜர், "பொண்ணு எங்க வந்துக்கிட்டு இருக்காங்க?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. நான் போனை எடுத்துக்கிட்டு வேப்பமரத்தடிக்குப் போயிட்டேன். கூப்பிட்டேன். "சாப்பிட்டீங்களாம்மா?"

"இப்பதான் சார், இலையை விட்டு எந்திரிச்சேன். சாம்பார் சாதம், வடை, பாயசம். ஆறு நாள் கழிச்சு சாப்பிட்டது, கிறக்கமா இருக்கு"ன்னு சிரிச்சாங்க.

அப்பதான் சொன்னேன். நல்லபடியாத்தான் சொன்னேன். மெதுவா. வரிசையா.

அந்தப் பொண்ணு அழலை சார். அதுதான் எனக்குப் புரியலை. அப்புறம், "எப்ப இருந்து முடியலை?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். "அப்ப முதல் தடவை நீங்க கூப்பிட்டப்பவே?"ன்னாங்க. ஆமாம்மான்னேன். போனை வெச்சுட்டாங்க.

மறுநாள் வந்தாங்க. காரியம் எல்லாம் முடிஞ்சு, அம்மாவோட சாமானை எடுத்துக்க வந்தப்பதான் என் மேஜைக்கு முன்னாடி வந்து நின்னாங்க. கத்துவாங்கன்னு நினைச்சேன். மேனேஜரும் பக்கத்துல நிக்கறாரு. சின்னக் குரல்லதான் கேட்டாங்க.

"எங்கம்மா என்னைக் கேட்டாங்களா சார்?"

"கேட்டாங்கம்மா. வந்துக்கிட்டே இருக்கீங்கன்னு சொன்னேன்."

அப்படியே என்னைப் பார்த்தாங்க. "நான் சாப்பிட்டேனான்னு ரெண்டு தடவை கேட்டீங்க. சாப்பிட்டேன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா எங்கம்மாவைப் பார்த்திருப்பேன். இல்லையா?"

என்ன பேச்சு சார் இது? விரதம் இருக்கற பொண்ணு பொய் சொல்றதாவது. துக்கத்துல ஏதோ உளர்றாங்கன்னு விட்டுட்டேன். கடைசியா, "அந்தச் சாப்பாடு இன்னும் எனக்கு எறங்கலை சார்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவங்க புகார் எழுதிக் கொடுக்கலை. மேனேஜர் தானாத்தான் போனை வாங்கிட்டாரு. ஜெபமணி சிஸ்டர்கூட அன்னையிலிருந்து என்னை அண்ணேன்னு கூப்பிடறதில்லை. ஸ்டோர்க்காரரேங்கறாங்க.

நான் செஞ்சதுல என்ன தப்புன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. கொஞ்சம் நேரம் தள்ளிப் போச்சு, அவ்வளவுதானே. விழுந்து கிடக்காம, தெம்பா நின்னு பொண்ணு காரியம் செஞ்சாங்களே.

அப்பாடா, நிறுத்திட்டான். பத்து நிமிஷம்ங்கறாரு கண்டக்டர். வாங்க சார், ஏதாவது சாப்பிடலாம். நீங்களும் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிட்ட மாதிரி தெரியலை. அந்த ஓரத்து மேஜையில உட்காருவோம். தம்பி, இங்க ரெண்டு பிளேட் இட்லி.

என்ன சார், அப்படிப் பார்க்கறீங்க? பெரியப்பா நினைப்பா? ஒண்ணும் ஆகாது. தம்பிதான் வந்துக்கிட்டு இருக்காரே.

வந்துருச்சு பாருங்க, சுடச்சுட. அட, உங்க பிளேட்டை எதுக்கு என் பக்கம் தள்ளறீங்க? எனக்கு இதுவே போதும் சார். இல்ல, நீங்க சாப்பிடுங்க.

என்ன சொன்னீங்க?

இன்னொரு தடவை சொல்லுங்க.

"முதல்ல நீங்க நல்லாச் சாப்பிடுங்க சார்." அதானே சொன்னீங்க.

இந்தக் குரல் எனக்குத் தெரியும் சார். இந்த மெதுவு. இந்த இழுப்பு. மூஞ்சியை நேரா பார்க்காம பிளேட்டைப் பார்த்துக்கிட்டு சொல்றது. இது என் குரல். இத்தனை வருஷம் நான்தான் இந்தக் குரல்ல பேசிக்கிட்டு இருந்தேன்.

உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க மதுரைக்காரரு. என் அக்காவை உங்களுக்குத் தெரியாது. சேதுவைத் தெரியாது. நான் பேசினதை வெச்சுத்தானே?

நான் என்ன பேசினேன்?

சும்மா வந்துட்டுப் போங்கன்னான். தூங்கறாங்கன்னான், ஞாயித்துக்கிழமையும் தூங்கறாங்கன்னான், இன்னைக்கும் தூங்கறாங்கன்னான். நானே எழுப்பாதேன்னு சொன்னேன். கடையை அடைச்சிருக்கான். முகூர்த்த நாள்ல.

என் அக்கா தூங்கற ஆள் இல்லை சார். எழுபத்தெட்டு வயசுல விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு வாசல் தெளிக்கறவ.

சாப்பிடலையான்னு கேட்டுக் கேட்டு வைக்கறான். நான் இல்லை இல்லைன்னு சொல்லிச் சொல்லி...

மச்சான் அன்னைக்கு மேலேயிருந்து இறங்கி வந்தப்போ கனகா இருந்தா சார். இருந்திருக்கணும். கை சூடா இருந்துதே. ஒரு தோசைக்குச் சரி. அந்த ரெண்டாவது தோசை எதுக்கு சார்?

இல்ல. சாப்பிடச் சொல்லாதீங்க. வேண்டாம், தண்ணியும் வேண்டாம். பிளேட்டை அந்தப் பக்கம் நகர்த்துங்க.

அக்கா உயிரோட இருந்தா, நான் சொன்ன மூணாவது படியில இருக்கா. இல்லேன்னா... இல்லேன்னா அவன் இப்படிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்க மாட்டான். இருக்கா சார். இருக்காளா? திண்டுக்கல் போக இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? கார் ஏதாவது கிடைக்குமா இங்க? அவளுக்குக் காது கேக்கும்ல. போனை அவ காதுல வெச்சாக்கூடப் போதும். சிவா வந்துக்கிட்டு இருக்கேன்னு நானே சொல்லிடுவேன். இந்தத் தடவை அது பொய்யா இருக்காது.

அடிக்குது. அவன்தான்.

நீங்க பேசாம இருங்க சார். அந்தப் பக்கம் ஒண்ணும் கேக்கக்கூடாது.

ஹலோ. சேது. ஆமாடா, நிறுத்திட்டான். ஓட்டல்லதான் இருக்கேன். சாப்பிட்டேன்டா. ஆமா, சாப்பிட்டேன். இட்லி. நல்லாத்தான் இருந்துது. வயிறு நிறைஞ்சுடுச்சு. இல்ல, காபி எல்லாம் குடிச்சாச்சு. தெம்பாத்தான் இருக்கேன். உட்கார்ந்துதான் இருக்கேன்.

சொல்லு.